மெதுவாக ஓடும் சாணை

கத்தி அரைக்கிற ஒரு பெல்ட் சாணையைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதர் மான் வேட்டைக் காலத்தில் தொடங்கி அடுத்த கோடைவரை எடுத்துக்கொள்ளலாமா என்று டெல்பர்ட் ஹக்கபியைக் கேட்டால், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பார். அவசரப்பட்டு வாங்கிவிட்டுக் காலமெல்லாம் தலையில் அடித்துக்கொள்வதற்கு இது என்ன ரொட்டி வாட்டுகிற பெட்டியா? அவர் மனைவி நோரீனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

"என்னக் கட்டிக்கறதுக்கு நீ ஒரு வாரம்கூட யோசிக்கல டெல். இந்த அளவு யோசிச்சிருந்தா ரெண்டு பேருமே தப்பிச்சிருப்போம்."

அவள் எரிச்சலில் நியாயம் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் பாதி அவள் கையைவிட்டுப் போய் மாதக்கணக்காகிறது. அங்கே சாணைப் படங்கள் பரப்பிக் கிடந்தன. ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரா, இரண்டா? அரைக்கிற உப்புத்தாள் பட்டை தட்டையான இரும்புப் பலகைமேல் ஓட வேண்டுமா, பெரிய ரப்பர் சக்கரத்தின்மேல் ஓட வேண்டுமா? நின்றவாக்கில் மட்டும் ஓடினால் போதுமா, படுக்கப் போட்டும் ஓட்ட வேண்டுமா? முட்டைத் தட்டை வைக்க இடம் தேடி அவள் தினமும் அந்தத் தாள்களை ஒதுக்குவாள். அவர் தினமும் அவற்றைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொள்வார்.

இந்தக் கத்தி செய்கிறவர்களின் கதையே தனி. அர்க்கன்சாஸ் மலைப்பக்கத்தில் பாப்டிஸ்ட் சபைக்காரரும் மெதடிஸ்ட் சபைக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட்டுவிடுவார்கள். பலகைச் சாணைக்காரரையும் சக்கரச் சாணைக்காரரையும் அப்படி உட்கார வைக்க முடியாது. எவனிடம் கேட்டாலும் தான் வாங்கியதுதான் உலகத்திலேயே நல்லது என்பான். டெல்பர்ட் எல்லோரிடமும் கேட்டார். அத்தனை பேர் சொன்னதையும் தலையில் ஏற்றிக்கொண்டு, மறுபடி முதலாமவருக்கே போன் போட்டார்.

அவரிடம் சாணை இல்லாமல் இல்லை. கார் நிற்க வேண்டிய கொட்டகையில் உலையும் பட்டறைக்கல்லும் நின்றன, கார் மழையில் நின்றது. அந்தக் கொட்டகை மூலையில் அவரே உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டிய சாணை ஒன்று பத்து வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் மோட்டார் நோரீனின் துணி துவைக்கும் எந்திரத்திலிருந்து வந்தது. "அது செத்த அன்னைக்கே நெஞ்சப் பிளந்து மோட்டார எடுத்துட்டார், உடம்பு சூடு ஆறல" என்று அவள் தேவாலயத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். மர அறுப்பு ஆலையை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது மற்றவர்களெல்லாம் குடியில் விழுந்தார்கள், டெல்பர்ட் மட்டும் அந்தச் சாணையின் முன்னால் போய் நின்றார். அது அவரைக் காப்பாற்றியது என்பது நோரீனுக்கும் தெரியும். அதனால்தான் மேஜையில் பாதியை விட்டுக்கொடுத்தாள்.

ஆனால் இப்போது அந்தச் சாணையில் அரைத்த கத்திகள் திரும்பி வந்துகொண்டிருந்தன.

கத்தி அரைப்பதில் இவர்களுக்கு ஒரு முறை உண்டு. இரும்பை உலையில் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, அடுப்பில் வாட்டிப் பதம் ஏற்றிவிட்டால், அதற்குப் பிறகு அது சூடாகவே கூடாது. ஆனால் அதற்குப் பிறகுதான் வெட்டுகிற வாயை மெல்லிசாக அரைத்து எடுக்க வேண்டும். உப்புத்தாள் பட்டை உரசினால் சூடு வராமல் இருக்குமா? அதனால் வெறுங்கையால் பிடித்து அரைப்பார்கள். கையுறை போடுகிறவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கத்திக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தி இழுக்க வேண்டும். விரல் தாங்காத சூடு வந்தவுடன் பக்கத்து வாளித் தண்ணீரில் முக்க வேண்டும். விரல் தாங்கினால் பதமும் தாங்கும். விரலைக் கேட்காமல் இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால், வாயோரத்தில் முதலில் வைக்கோல் நிறம் வரும், பிறகு ஊதா, பிறகு நீலம். நீலம் ஏறிவிட்டால் அந்தக் கத்தியைக் கும்பிட்டு வைத்துவிட வேண்டியதுதான். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஒரு மானை உரித்தால் வாய் மடங்கிவிடும்.

டெல்பர்ட்டின் விரல்கள் சூட்டைச் சொல்வதை நிறுத்திவிட்டன.

சர்க்கரை முதலில் காலைப் பிடித்தது. பாதம் மரத்து, ஒருநாள் பிரேக்கை மிதிக்கிறோம் என்று நினைத்து மிதிக்காமல் தபால் பெட்டிக் கம்பத்தைச் சாய்த்தார். அன்றைக்கு நோரீன் வண்டிச் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். காலைப் பற்றி டாக்டரிடம் சொன்னார். கையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தார். சட்டைப் பித்தானைப் போட முடியாமல் தலைவழியே மாட்டுகிற பனியன்களுக்கு மாறிவிட்ட மனிதருக்குக் கை எப்படி இருக்கிறது என்று பெண்டாட்டிக்குத் தெரியாதா? தெரியும். அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

முதல் கத்தியைக் கீழ்ச்சாலை வேட்டைக்காரர் ஒருவர் முன்வாசல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு குறையும் சொல்லவில்லை, அவசரம் எதுவும் இல்லை என்று மட்டும் சொன்னார். டெல்பர்ட் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மானின் மார்பெலும்பில் பட்ட இடத்தில் வாய் சுருண்டு கிடந்தது. அவர் முகத்துக்கு ரத்தம் ஏறியது. அதற்குப் பிறகு இன்னொன்று வந்தது, பிறகும் ஒன்று. அவர் சூட்டை விரலிடம் கேட்பதை விட்டு, ஒரு இழுப்பு இழுத்து ஒரு முக்கு முக்கிப் பார்த்தார். நடுவில் சரியாக வந்தது. நுனிப் பக்கம், இரும்பு மெலிகிற இடத்தில், அந்த மோட்டாரின் வேகத்துக்கு ஒரு இழுப்பே அதிகமாக இருந்தது.

அன்றைக்குத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. குற்றம் மோட்டாருடையது. அதற்கு ஒரே வேகம்தான் தெரியும். திருகைத் திருப்பி வேகத்தைக் குறைக்கிற நல்ல சாணை ஒன்று இருந்தால், பட்டை ஆமைபோல் நகரும், சூடே ஏறாது, விரலைக் கேட்க வேண்டிய அவசியமே வராது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நோரீன் ஒரே நாளில் அதை உடைத்துப் போட்டிருப்பாள். அது பொய் இல்லை. மெதுவாக ஓடும் பட்டையில் இரும்பு குளிர்ச்சியாகத்தான் இருக்கும், எந்தக் கத்திக்காரனும் அதைச் சொல்வான். அந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு மனிதர் அத்தனை மாதமும் தொங்கினார்.

"டெல், ஒண்ணு கேக்கறேன். நேராப் பதில் சொல்லு," என்றாள் நோரீன் ஒரு காலையில். "விரல்ல ஏதாவது தெரியுதா உனக்கு?"

"மோட்டார் வேகம் ஜாஸ்தி நோரீன். அவ்வளவுதான்."

"நான் மோட்டாரக் கேக்கல."

"ரெண்டு குதிரைத்திறன் போட்டுட்டா மெதுவா ஓட்டினாலும் இழுவை குறையாதுன்னு ராய்ஸ் சொல்றான்."

"ராய்ஸுக்கு என்ன, அவன் பொண்டாட்டி மேஜைய அவன் பிடுங்கலயே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் வேண்டியதைவிட அதிகமாகக் கேட்டது.

ராய்ஸ் டில்மன் மர அறுப்பு ஆலையில் டெல்பர்ட்டோடு சேர்ந்து வேலை பார்த்தவர். இப்போது மலைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார். அவர் பட்டறையில் மூன்று வகைச் சாணைகள் நின்றன, அதனால் அந்த வட்டாரத்தில் சாணை வாங்கப்போகிற யாரும் முதலில் அங்கேதான் போவார்கள். போன் போட்டபோது அவரே சொன்னார்.

"படத்தப் பாத்துப் பொண்ணு எடுத்த காலம் போச்சுடா. வந்து கை வச்சுப் பாரு. பதம் போட்ட கத்தி ஒண்ணு எடுத்துட்டு வா. மூணுலயும் அரைச்சுப் பாரு, எது பிடிக்குதோ அதே மாதிரி வாங்கிக்க. இதுக்கு மேலயும் யோசிச்சேன்னு வை, உன்னப் புதைக்கும்போது பெட்டிக்குள்ள அந்தத் தாளையெல்லாம் போட்டு அனுப்பிடுவேன்."

சனிக்கிழமை போனார்கள். நோரீன் வண்டி ஓட்டினாள். டெல்பர்ட் மடியில் ஒரு கத்தி, பழைய துண்டில் சுற்றியிருந்தது. இரண்டு வாரம் உழைத்து அடித்து, முக்கி, வாட்டி எடுத்தது. பிடி இன்னும் போடவில்லை, வாயும் அரைக்கவில்லை. மலைச்சாலை முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். புதுச் சாணை வந்தால் எங்கே நிறுத்துவது, எந்த ஜன்னல் வெளிச்சம் படவேண்டும், திரும்பி வந்த கத்திகளுக்குப் பதில் முதலில் யாருக்குச் செய்து கொடுப்பது. அவர் அப்படிப் பேசி வெகுநாளாகிவிட்டது. நோரீனுக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ராய்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க நோரீன். இந்த ஆள எப்படித்தான் வச்சுக் காலம் தள்ளறீங்க?"

"வேற யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க ராய்ஸ். உங்களுக்கு வேணும்னா விட்டுட்டுப் போறேன்."

"அய்யோ வேண்டாம். எனக்கு ஏற்கெனவே ஒரு கிழட்டு நாய் இருக்கு."

நோரீனுக்கு ஐஸ் டீ கொடுத்தார், டெல்பர்ட்டுக்குச் சர்க்கரை போடாததைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். டெல்பர்ட் அதை ஒரு வாய் குடித்துவிட்டு, காலுறை கொதித்த தண்ணீர் என்று சொல்லிக் கீழே வைத்தார். அவர் கண்கள் ஏற்கெனவே சாணைகளின்மேல் இருந்தன.

முதல் சாணை பெரிய ரப்பர் சக்கரத்தோடு, ஒரே வேகத்தில் ஓடுவது. இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார், பொறி பறந்தது. "இது என் வீட்டுப் பிசாசுக்கு அண்ணன்" என்று விலகிக்கொண்டார். இரண்டாவதில் மோட்டாரின் பெல்ட்டை மாற்றிப் போட்டு மூன்று வேகம் வைக்கலாம். அதிலும் குறைந்த வேகமே அவருக்கு அதிகமாகப்பட்டது. மூன்றாவதின் முன்னால் வந்து நின்றபோது கோயிலுக்குள் நுழைகிறவர்போல் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இரண்டு குதிரைத்திறன் மோட்டார். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் கறுப்புத் திருகு. ராய்ஸ் திருகை மெல்லத் திருப்பினார். பட்டை நகர ஆரம்பித்தது. அதன்மேல் அச்சடித்திருந்த எழுத்தை வாசிக்கலாம்போல் அவ்வளவு மெதுவாகப் போயிற்று.

"இதுல போய் யாராவது கத்தியச் சுட்டான்னா அவன நான் பாக்கணும்," என்றார் ராய்ஸ்.

டெல்பர்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கத்தியை வாய் மேலே இருக்கும்படி பிடித்து, கைகளை விலாவோடு ஒட்டவைத்து, உடம்பை மட்டும் சாய்த்து இழுத்தார். எத்தனையோ வருஷப் பழக்கம், அந்த அசைவில் ஒரு பிசிறு இல்லை. ராய்ஸ் தலையை ஆட்டினார். டெல்பர்ட் தண்ணீரில் முக்கினார், துடைத்துப் பார்த்தார். வெள்ளை வெளேர் என்றிருந்தது. மறுபடி இழுத்தார். மறுபக்கம் திருப்பி இழுத்தார். அடிப்பக்கத்திலிருந்து நுனிவரை, அவரை இத்தனை நாளாக ஏமாற்றிய அந்த மெல்லிய நுனிவரை, இரும்பு வெள்ளியாகவே வந்தது. நான் சொன்னேன் இல்லையா, மோட்டார்தான் என்று சொன்னேன் இல்லையா என்று உள்ளுக்குள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் இழுத்தார், முக்கினார், இழுத்தார்.

நோரீன் கதவருகே டீ டம்ளரோடு நின்றிருந்தாள். அவள்தான் வாளியை முதலில் பார்த்தாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. துருவாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அவர் மறுபடி முக்கினார், அதில் சிவப்பு நூலாகப் பிரிந்து கலைந்தது.

"ராய்ஸ்," என்றாள். வாளியைக் காட்டினாள்.

ராய்ஸ் பார்த்தார். ஒரே எட்டில் வந்து நிறுத்தும் பித்தானை அடித்தார். பட்டை நின்றது. அதன் ஓரத்தில் கரும்சிவப்பாக ஒரு கோடு முழுச் சுற்றும் ஓடியிருந்தது.

"ஏன்டா நிறுத்தின?" டெல்பர்ட் சிரித்துக்கொண்டே திரும்பினார். கத்தியை உயர்த்திக் காட்டினார். "பாரு. நுனியப் பாரு. ஒரு பொட்டு நீலம் இருக்கா? நோரீன், இங்க வந்து பாரு."

உயர்த்திய கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடி, அங்கிருந்து தரையில் சொட்டியது. நுனிப் பக்கம் கத்தி குறுகுகிற இடத்தில், பின்னாலிருந்து அழுத்திய ஆள்காட்டி விரல் கத்தியைத் தாண்டி வெளியே நீண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்பிலும் பட்டை அதையும் சேர்த்து அரைத்திருந்தது. விரல் நுனியில் சதை இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், அவர்கள் இரண்டு பேரும் ஏன் கத்தியைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு அவரும் பார்த்தார்.

ராய்ஸ் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தார். நோரீன் அவர் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள்.

"புது மெஷின் இல்லையா, உயரம் பழகல," என்றார் டெல்பர்ட். "எங்கயும் நடக்கறதுதான். உனக்கே நடந்திருக்கு, இல்லையாடா?"

"நடந்திருக்கு," என்றார் ராய்ஸ். "உடனே கைய இழுத்துக்குவேன். கத்துவேன். ஊரே கேக்கும்." அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார். "எரியும்டா. பல்லக் கடிச்சுக்க."

ஊற்றினார். பச்சைச் சதைமேல் ஸ்பிரிட் வழிந்தோடியது. டெல்பர்ட் ராய்ஸின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏதோ செய்ய வேண்டும் என்று அவருக்குச் சற்றுக் கழித்துத்தான் நினைவு வந்தது.

"ஸ்ஸ்," என்றார். "எரியுது."

ராய்ஸ் பஞ்சை வைத்து, அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றினார், தேவைக்கு மேலேயே சுற்றினார். நோரீனின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தாள், தாமதமாக வந்த அந்த ‘எரியுது’வில் சொல்லியாகிவிட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது இருந்தது.

"எப்ப இருந்துடா?" என்றார் ராய்ஸ்.

டெல்பர்ட் நின்றுபோன சாணையையே பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்கு, இல்லையா?"

"மெஷின் ரொம்ப நல்லா இருக்கு டெல்."

"இதவிட நல்லது எங்கயாவது இருக்குமா? கொஞ்சம் பெரிய பலகை வச்சது, முன்னாடி கை தாங்கி வச்சது..."

"இல்லடா. இதுதான் இருக்கறதுலயே நல்லது."

ராய்ஸ் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இதில் ஒரு குறை இருக்கிறது, கான்சஸில் ஒருவன் இதைவிட நல்லதாகச் செய்கிறான், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு இன்னும் ஒரு குளிர்காலம் ஓடியிருக்கும். ஆனால் நண்பனுக்கு நண்பனாக நேராகச் சொல்லிவிட்டார். இத்தனை நாள் டெல்பர்ட்டிடம் பழி போட ஒரு கெட்ட மோட்டார் இருந்தது. இனி அதுவும் இல்லை.

ராய்ஸ் கத்தியை எடுத்து ரத்தத்தைத் துடைத்தார். வேலை பாதியில் நின்றிருந்தது. ஒரு பக்கம் சரிவு மேலேறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தது, இரண்டும் ஒரே கோட்டில் சேரவில்லை. அதை டெல்பர்ட்டே பார்த்துவிட்டார். பிடி வரவேண்டிய இடத்துக்கு மேலே, காய்ச்சுவதற்கு முன்பே உளியால் அடித்த பெயர் இருந்தது. ஹக்கபி என்ற சிறிய எழுத்துகள்.

"நான் முடிச்சுத் தரேன்டா," என்றார் ராய்ஸ். "வாயத் திருத்தி, பிடி போட்டு. உன் கத்திதான இது."

"முடி. ஆனா முதல்ல பேர எடு."

"டெல்," என்றாள் நோரீன்.

"அரைச்சு எடுத்துடு ராய்ஸ். என்னால முடிக்க முடியாதது மேல என் பேரு எதுக்கு? இப்பவே எடு. நான் இருக்கும்போதே."

ராய்ஸ் நோரீனைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். அவர் பட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினார், திருகைத் திருப்பினார். பெயர் ஆழமாக அடித்திருந்தது, மெதுவான ஓட்டத்தில் அது போகவில்லை. வேகத்தைக் கூட்டினார். பொறி பறந்தது. கத்திக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினார், இன்னும் அழுத்தினார். சட்டென்று அவர் விரல் துள்ளிப் பின்வாங்கியது. கத்தியைத் தண்ணீரில் முக்கினார். நீராவி எழுந்தது.

ஸ்டூலிலிருந்து டெல்பர்ட் கழுத்தை நீட்டினார். பெயர் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கவில்லை. ராய்ஸ் கையை உதறுவதைப் பார்த்தார்.

"சுட்டுடுச்சாடா?"

"ஆமா," என்றார் ராய்ஸ், விரலை வாயில் வைத்துக்கொண்டு.

"ரொம்பவா?"

ராய்ஸ் மறுபடி சாணையின் பக்கம் திரும்பினார். டெல்பர்ட் ராய்ஸின் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.